பேருந்து நிலையச் சுவரில் படம் வரைவதற்கு முன்

"எங்கள் ஊர் சின்ன நகராட்சி. பேருந்து நிலையத்தின் பின்பக்கச் சுற்றுச்சுவர் இருநூறு அடி நீளம், ஏழடி உயரம். வர்த்தகர் சங்கம் மூன்று லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை வைத்து விடுதலைப் போராட்ட வீரர்கள், ஜல்லிக்கட்டு, மரம் வளர்ப்போம் என்றெல்லாம் வரையலாம் என்று யோசனை. எத்தனை வருடம் நிற்கும்? போஸ்டர் ஒட்டாமல், ஒன்றுக்குப் போகாமல் காப்பாற்ற முடியுமா? ஊர்க்காரர்கள் இதை நம்முடையது என்று நினைக்க என்ன செய்ய வேண்டும்?" இதுதான் கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால், சுவர் நன்றாகக் காய்ந்திருந்து, மேலிருந்து தண்ணீர் இறங்காமல் மூடியிருந்தால் ஐந்து வருடம் தாராளமாக நிற்கும். நிழல் விழுகிற சுவர் என்றால் இன்னும் இரண்டு மூன்று வருடம் கூடும். இல்லையென்றால் அடுத்த ஐப்பசி தாண்டாது. போஸ்டர் விவகாரம் படத்தின் அழகைப் பொறுத்தது இல்லை. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் காலை முதல் இரவு வரை இருக்கிறவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வரைவது பத்துப் பன்னிரண்டு நாள் வேலை. அதற்கு முந்தைய மூன்று மாதத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

நான் கல்லூரியில் படித்து வந்த ஓவியன் இல்லை. சைன்போர்டு எழுதப் பழகி, சுவர் விளம்பரத்துக்கு வந்தவன். பம்ப்செட், சிமென்ட், பனியன் ஜட்டி எல்லாம் எழுதியிருக்கிறேன். தேர்தல் நெருங்கினால் கட்சிக்காரர்களுக்காகச் சுவர் பிடித்து, வெள்ளையடித்து, ஓரத்தில் வருடத்தை எழுதி ரிசர்வ் செய்து வைப்பதும் எங்கள் வேலைதான். பிளெக்ஸ் வந்து அந்தப் பிழைப்பைச் சாப்பிட்டுவிட்டது. அதற்கப்புறம் பள்ளி, மருத்துவமனை, ரயில் நிலையம் என்று படம் வரையும் வேலைகள் வர ஆரம்பித்தன.

அப்படி வந்த முதல் பெரிய வேலை ஒரு பள்ளிக்கூடத்தின் வடக்குச் சுவர். விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது, பிரமுகர் வருகிறார். சிமென்ட் பூச்சு முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. "காய்ந்துடுச்சுப்பா, ஆரம்பி" என்றார்கள். நானும் மேடுபள்ளம் தெரியாமல் இருக்கட்டும் என்று கனமாகப் பட்டி பார்த்து, அதன் மேல் பதினெட்டு அடிக்கு ஒரு மயில் வரைந்தேன். விழா நன்றாக நடந்தது. மழைக்காலம் போய், தை பிறந்த பிறகு பார்த்தால் தோகை முழுவதும் அப்பளம் மாதிரி உப்பி நிற்கிறது. பிள்ளைகள் பேனா முனையால் குத்திக் குத்தி உரித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு துண்டை உரித்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாகப் பொடி. நாக்கில் வைத்தேன், உப்பு.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான் இந்தத் தொழிலில் பாதி. செங்கலும் பூச்சும் தண்ணீரை உறிஞ்சும். தரையிலிருந்து ஓதம் ஏறும். சுவரின் தலையிலிருந்து மழைநீர் இறங்கும். அந்தத் தண்ணீர் உள்ளே இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு வெயில் படும் முகத்துக்கு வரும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. பெயின்டுக்கு அடியில் பூத்து, பெயின்டைத் தள்ளும். எவ்வளவு விலை உயர்ந்த எமல்ஷன் என்றாலும் இதற்கு முன்னால் நிற்காது. அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு பாலித்தீன் தாளை இரண்டடிக்கு இரண்டடி வெட்டி, சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்ப்பது. தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் அந்த இடம் இன்னும் ஈரம். இருநூறு அடியில் ஏழெட்டு இடத்தில், அடியிலும் நடுவிலும் ஒட்டிப் பாருங்கள். செலவு ஐம்பது ரூபாய் ஆகாது.

ஏழடிச் சுற்றுச்சுவர் என்றால் பெரும்பாலும் தலைமாடு மொட்டையாக இருக்கும். அதன் மேல் இரண்டு பக்கமும் ஓரிரு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு சரிவாக ஒரு சிமென்ட் மூடி போடுங்கள். அடியில் சின்னதாக ஒரு பள்ளக் கோடு விட்டால் தண்ணீர் சுவர் முகத்தில் வழியாமல் சொட்டி விழும். பின்பக்கம் மண் மேடாக இருந்தால் வெட்டி இறக்குங்கள். சாக்கடை கசிந்தால் முதலில் அதை அடையுங்கள். புதுப் பூச்சு பூசினால் இருபத்தெட்டு நாளாவது பொறுங்கள். பட்டி வேண்டவே வேண்டாம் என்பேன். வேண்டுமென்றால் வெளிச்சுவருக்கான சிமென்ட் பட்டியை மெல்லிசாக, குழிகளில் மட்டும். பழைய சுண்ணாம்பு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அதன் மேல் எதை அடித்தாலும் சுண்ணாம்போடு சேர்ந்து வரும். இந்த வேலைக்கே உங்கள் மூன்று லட்சத்தில் ஒரு லட்சம் போகும். வர்த்தகர் சங்கத்தில் யாராவது "படத்துக்குத்தானே காசு கொடுத்தோம்" என்று கேட்பார்கள். அப்போது என் மயிலைப் பற்றிச் சொல்லுங்கள்.

ருமேனியாவில் வொரொனெட்ஸ் என்று ஒரு மடாலயம் இருக்கிறது. 1488-இல் கட்டியது. அதன் வெளிச்சுவர்களில் 1547 வாக்கில் வரைந்த படங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த நீலம் உலகப் பிரசித்தம். வெளிச்சுவரில் ஐந்நூறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு, யோசித்துப் பாருங்கள். ஈரச் சுண்ணாம்பிலேயே வண்ணத்தை ஊற வைத்தது ஒரு காரணம். இன்னொன்று அந்தக் கோயிலின் கூரை. பெரிய தொப்பி கவிழ்த்த மாதிரி சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். மழையும் காற்றும் அதிகம் அடித்த வடக்குப் பக்கம் மட்டும் படங்கள் நிறைய அழிந்துவிட்டன. அதே ஓவியர்கள், அதே சுண்ணாம்பு, திசைதான் வேறு. நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை வடக்கு, கிழக்குச் சுவர்களை நனைக்கும். மேற்குச் சுவரை மாலை வெயில் பொரித்து எடுக்கும். உங்கள் சுவர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மாலை நாலு மணிக்கு ஒருமுறை போய் நின்று பாருங்கள்.

இந்த ருமேனிய மடாலயங்களைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர்தான், சின்ன ஊரில் சுவரோவியம் என்ற யோசனையையே உலகத்துக்குப் பிரபலமாக்கியவர். கனடாவின் மேற்கே வான்கூவர் தீவில் செமைனஸ் என்று ஓர் ஊர். மக்கள் தொகை சில ஆயிரம்தான். மரம் அறுக்கும் ஆலையை நம்பிப் பிழைத்த ஊர். அந்த ஆலை ஆட்டம் கண்டு, 1983-இல் மூடியும் விட்டார்கள். கார்ல் ஷுட்ஸ் என்ற உள்ளூர் வியாபாரி, 'நம் ஊர்ச் சரித்திரத்தைக் கட்டடங்களின் சுவரிலேயே வரைவோம், பார்க்க ஆள் வரும்' என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைவீதியைப் புதுப்பிக்க மாகாண அரசு உதவித்தொகை கிடைத்தபோது அந்த யோசனைக்கு உயிர் வந்தது. 1982-இல் ஐந்து படங்களோடு ஆரம்பித்தார்கள். இப்போது நாற்பதுக்கு மேல். ஆலை 1985-இல் பாதிக்கும் குறைவான ஆட்களோடு மறுபடி திறந்தது. ஆனால் அதற்குள் ஊர் வேறு பிழைப்பைக் கண்டுபிடித்திருந்தது. வருகிறவர்கள் எந்தப் படத்தையும் தவறவிடக் கூடாது என்று தரையில் மஞ்சள் பாதச் சுவடுகள் வரைந்திருக்கிறார்கள். அதன் மேலேயே நடந்து போனால் ஒவ்வொரு சுவராக வரும். வழிகாட்டி வேண்டாம், பலகை வேண்டாம். எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது ஓவியங்களைவிட இந்தப் பாதங்கள்தான்.

சரி, இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது? சுற்றுலா இல்லை. செமைனஸைப் பார்த்து ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா தீவின் ஷெஃபீல்ட் 1986-இல் ஆரம்பித்தது, அதுவும் நன்றாகவே வந்தது. அப்புறம் உலகம் முழுக்க எத்தனையோ ஊர்கள் ஆரம்பித்தன. எல்லா ஊரும் சுவரில் படம் வரைந்தால் எந்த ஊருக்குத்தான் ஆள் வருவான்? பேருந்து நிலையச் சுவரைப் பார்க்கச் சுற்றுலாப் பேருந்து வரும் என்று வர்த்தகர் சங்கத்தில் யாரும் கணக்குப் போட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், வராது. செமைனஸில் கவனிக்க வேண்டியது, எதை வரைந்தார்கள் என்பது. கனடாவின் தேசியத் தலைவர்களை அவர்கள் வரையவில்லை. அந்த ஊர்த் துறைமுகத்தில் கப்பலில் பலகை ஏற்றிய சீனக் கூலிகளை வரைந்தார்கள். முன்பு அங்கே வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளிச் சிறுவர்களின் சாரணர் படையை வரைந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது கனடா அரசு அந்த மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களையெல்லாம் பெயர்த்து முகாம்களுக்கு அனுப்பியது. ஆக, ஊரை விட்டு விரட்டப்பட்டவர்களின் பிள்ளைகள் அந்த ஊர்ச் சுவருக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். அந்த மண்ணின் ஆதிகுடிகளும் சுவர்களில் இருக்கிறார்கள். வெளியூர்க்காரன் வேறெங்கும் பார்க்க முடியாத படம், உள்ளூர்க்காரன் 'இது எங்க தாத்தா நின்ன இடம்' என்று காட்டக்கூடிய படம்.

அதனால் உங்கள் பட்டியலை மறுபடி யோசியுங்கள் என்பேன். விடுதலை வீரர்கள், ஜல்லிக்கட்டு, மரம் வளர்ப்போம் மூன்றும் எந்த ஊர்ச் சுவரிலும் இருக்கிறது. நானே நூறு தடவை வரைந்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கூட பாரதியார் முண்டாசு போடுவேன். அதனால்தான் யாரும் நின்று பார்ப்பதில்லை. அவர்கள் பெரியவர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சுவருக்கு எதிரே தினமும் உட்கார்ந்திருக்கிற பூக்காரம்மாவுக்கும் படத்துக்கும் என்ன தொடர்பு?

ஒரு ஊரில் இதே மாதிரி பேருந்து நிலையச் சுவர் வந்தபோது, நாங்கள் வரையத் தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் அங்கேயே டீக்கடையில் உட்கார்ந்தோம். கையில் நோட்டு, நாளைக்கு இரண்டு மணி நேரம். 'இந்த ஸ்டாண்டு வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?' இந்த ஒரே கேள்விதான். ஒரு பெரியவர் குதிரைவண்டி ஸ்டாண்டு இருந்தது என்றார். இன்னொருவர் கோபமாக, 'வண்டிப்பேட்டை மேற்கால, இங்க இருந்தது வாழைக்காய் மண்டி' என்றார். அவர்கள் இருவரும் சண்டை போட்டதைக் கேட்கப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். மண்டியில் மூட்டை தூக்கிய ஒருவர் வாழைத்தாரைத் தோளில் வைக்கும்போது தலைத்துணியை எப்படிச் சும்மாடாகச் சுருட்டி வைப்போம் என்று துண்டை எடுத்துச் சுற்றிக் காட்டினார். முதலில் ஒரு மடிப்பு, பிறகு முறுக்கு, முனையை உள்ளே செருகல். அதைத்தான் வரைந்தோம். ஒன்பதடி அகலத்தில் ஒரு தோள், ஒரு சும்மாடு, அதன் மேல் தார். முகம்கூட முழுசாக இல்லை. படம் முடிந்த அன்று அவர் வந்து, 'முறுக்கு இடப்பக்கம் வரணும் தம்பி' என்றார். மறுநாள் சாரத்தை மறுபடி கட்டி மாற்றினோம். அந்தப் பகுதியில் போஸ்டர் ஒட்ட வந்த பையன்களை விரட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? நகராட்சியா?

போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1959-லிருந்தே நடப்பில் இருக்கிறது. 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று எழுதிய இடத்திலேயே நோட்டீஸ் ஒட்டுவதை அதன் காலமெல்லாம் நாம் பார்த்தாயிற்று. ஒட்டுகிறவனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அவனுக்கும் இடம் வேண்டும். சுவரின் ஒரு கோடியில் இருபது அடியைப் படம் இல்லாமல் விட்டு, 'போஸ்டர் இங்கே' என்று சட்டகம் போட்டுக் கொடுத்துவிடுங்கள். இரங்கல் போஸ்டரும் சினிமா போஸ்டரும் அங்கே போகும். நூறு சதவீதம் போகாது, முக்கால்வாசி போகும்.

ஒன்றுக்குப் போவதற்கு இரண்டே மருந்துதான், கழிப்பறையும் வெளிச்சமும். சாமி படம் பதித்த டைல்ஸ் ஒட்டும் வழக்கம் இருக்கிறதே, எனக்கு அது பிடிக்காது. சாமியைக் காவலுக்கு நிறுத்துவது போல இருக்கிறது. அதுவும் முருகன், மேரி மாதா, மெக்கா மூன்றையும் வரிசையாக ஒட்டி ஊர் ஒற்றுமையைக் காட்டுவார்கள். மனிதன் நாலடி தள்ளிப் போய் டைல்ஸ் இல்லாத இடத்தில் நிற்பான். பேருந்து நிலையக் கழிப்பறை பூட்டியிருந்தால் நீங்கள் என்ன வரைந்தாலும் பயனில்லை. அதைத் திறக்க வைத்துவிட்டு, சுவருக்கு மேல் இரண்டு விளக்குப் போடச் சொல்லுங்கள். எப்படியும் சுவரின் அடி இரண்டடியில் படம் வரையாதீர்கள். மழைச் சேறு தெறிக்கும், நாய் நிற்கும், வண்டி உரசும். அந்த இரண்டடிக்குக் காவியோ கருஞ்சாம்பலோ ஒரே நிறமாக அடித்துவிட்டால் வருடம் ஒருமுறை யாரும் ஒரு ரோலரை எடுத்துப் புதுப்பித்துவிடலாம், ஓவியர் தேவையில்லை.

நிறங்களைப் பற்றி ஒரு வார்த்தை. காவி, செம்மண் சிவப்பு, மண் மஞ்சள், கறுப்பு ஆகிய இரும்பு ஆக்சைடு வண்ணங்கள் வெயிலுக்கு அசையாது. பளீர் மஞ்சள், ரோஸ், ஊதா போன்றவைதான் முதலில் வெளுக்கும். ஃப்ளோரசன்ட் நிறங்கள் ஒரு கோடையோடு சரி. கடையில் சின்ன பாட்டிலில் விற்கும் ஸ்டெயினரை, அதாவது நிறமேற்றும் சாயத்தை, வெள்ளை எமல்ஷனில் அளவுக்கு மீறி ஊற்றிக் கலந்தால் பெயின்டே பலவீனமாகிவிடும். அடர்ந்த நிறம் வேண்டுமென்றால் கம்பெனி மெஷினில் கலந்து வாங்குங்கள், நம்பரை எழுதி வையுங்கள். மூன்று வருடம் கழித்து ஒட்டுப்போடும்போது அந்த நம்பர் தங்கம்.

பிள்ளைகளை வைத்து வரையலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் முந்நூறு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிரஷ் கொடுத்துச் சுவர் முன்னால் நிறுத்தினால் ஃபோட்டோ நன்றாக வரும், படம் வராது. பெரியவர்கள் இரவோடு இரவாக வந்து திருத்துவார்கள், மறுநாள் பிள்ளைகளுக்கு அது தெரிந்துபோகும். எங்கள் முறை பழைய முறைதான். காகிதத்தில் வரைந்த படத்தின் மேல் கட்டம் போடுவது, சுவரில் நூல் அடித்து அதே கட்டத்தை ஓரடிக்கு ஓரடி போடுவது, கட்டம் கட்டமாகப் பெரிதாக்குவது. கோடு போட்டு முடித்ததும் ஒவ்வொரு பகுதியிலும் சாக்பீஸால் வண்ண எண் எழுதிவிடுவோம். டப்பாவிலும் அதே எண். நான்கடி உயரம் வரை பிள்ளைகள், அதற்கு மேல் சாரத்தில் நாங்கள். ஒரு நேரத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். விளிம்புக் கோடு மட்டும் கடைசியில் பழகின கை போட்டால் முழுப் படமும் நிமிர்ந்து நிற்கும்.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா பெரிய நகரம், உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தாது. 1984-இல் சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்த இளைஞர்களையே பிடித்து ஓவியம் வரைய வைத்த திட்டம் அங்கே ஆயிரக்கணக்கான சுவரோவியங்களாக வளர்ந்திருக்கிறது. அவர்கள் ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள். மெல்லிய நெய்யாத துணியைத் துண்டு துண்டாக வெட்டி, அதில் கோடும் எண்ணும் போட்டு, பள்ளிக்கும் முதியோர் இல்லத்துக்கும் சிறைக்கும்கூட அனுப்புவார்கள். அங்கே உட்கார்ந்த இடத்தில் வண்ணம் தீட்டித் திருப்பி அனுப்பினால், சுவரில் அக்ரிலிக் பசை தடவி வால்பேப்பர் போல ஒட்டிவிடுவார்கள். சாரத்தில் ஏற முடியாதவர், வெயிலில் நிற்க முடியாதவர் எல்லோர் கையும் படத்தில் இருக்கும். நம் ஊர் ஈரச் சுவரில் ஒட்டினால் உரியும் என்று பயமாக இருந்தால், நிழலான உள்சுவரில், பயணிகள் காத்திருக்கும் இடத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் முயன்று பாருங்கள்.

'எல்லோருக்கும் பிடித்த' படம் என்று ஒன்று இல்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். இத்தாலியின் சார்டினியா தீவில் ஒர்கொசோலோ என்று மலையூர் ஒன்று. நாலாயிரம் பேர், மேய்ச்சல்காரர்கள். 1969-இல் அவர்கள் மேய்ச்சல் நிலத்தை ராணுவப் பயிற்சிக்கு எடுக்க வந்தபோது ஊரே போய் அந்த நிலத்தில் உட்கார்ந்தது. 1975-இல் பிரான்செஸ்கோ டெல் கசீனோ என்ற பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களோடு சுவரில் வரையத் தொடங்கினார். அந்த ஊர்ச் சுவர்கள் இன்றும் அரசாங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. மலேசியாவின் ஜொகூர் பாருவில் 2013-இல் எர்னெஸ்ட் ஸகாரெவிச் என்ற லிதுவேனிய ஓவியர், லெகோ பொம்மைப் பெண் ஒருத்தி விலை உயர்ந்த கைப்பையோடு நடந்து வர, தெரு முனையில் கத்தியோடு ஒரு லெகோ திருடன் காத்திருப்பது போல வரைந்தார். ஊரில் திருட்டு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். நகர மன்றம் வெள்ளையடித்து அழித்தது. அழித்த பிறகுதான் அந்தப் படம் பிரதி எடுக்கப்பட்டு எங்கும் பரவியது. வர்த்தகர் சங்கப் பணத்தில், நகராட்சிச் சுவரில் நீங்கள் சண்டைப் படம் வரைய முடியாது. ஆனால் உங்கள் ஊரில் வற்றிப்போன ஏரியை நிறைந்த ஏரியாக வரைந்தால் அதுவும் ஒரு கேள்விதானே. யாரும் அழிக்க மாட்டார்கள்.

அதே ஸகாரெவிச் 2012-இல் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வரைந்த சைக்கிள் குழந்தைகளை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சுவரில் ஒரு நிஜ சைக்கிள், அதை ஓட்டும் அக்காவும் பின்னால் கட்டிப்பிடித்த தம்பியும் மட்டும் வரைந்தது. ஆர்மீனியன் தெருவில் அதன் முன் படமெடுக்க வரிசையே நிற்கும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயிலும், குட்டி இந்தியாவும் இருக்கின்றன. ஊர் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதற்கு முன்பே 2000-இல் வாடகைக் கட்டுப்பாடு போய், பழைய குடித்தனக்காரர்கள் வெளியேறத் தொடங்கியிருந்தார்கள். பழைய கடைவீடுகள் காபிக் கடைகளாகவும் விடுதிகளாகவும் மாறின. சுவரோவியம் இதற்குக் காரணம் என்று சொன்னால் அநியாயம். ஆனால் அந்தக் கூட்டம் பிறகு படம் எடுக்கத்தான் வந்தது, மளிகை வாங்க வரவில்லை. உங்கள் ஊருக்கு இந்த ஆபத்து இப்போதைக்கு இல்லை, கவலைப்படாதீர்கள்.

சென்னை கண்ணகி நகர் வேறு விதம். ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களையும் சுனாமியில் வீடிழந்தவர்களையும் கொண்டுபோய்க் குடிவைத்த இடம். 2020-இல் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய படங்கள் வந்தன. முகவரி சொன்னாலே ஒரு மாதிரி பார்க்கப்பட்ட ஓர் இடத்துக்கு 'அந்தப் படம் இருக்குமே' என்று இன்னொரு அடையாளம் கிடைத்தது, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் படத்துக்குக் கீழே குடத்தோடு வரிசையில் நிற்பவருக்கு அந்தப் படம் தண்ணீர் தராது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

காகித வேலை. நகராட்சித் தீர்மானம் எழுத்தில் வேண்டும். சுவர் எத்தனை வருடத்துக்கு, பராமரிப்பு யார், சுவரை இடிக்க நேர்ந்தால் யாருக்கு முன்கூட்டித் தகவல் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஓவியரோடு தனி ஒப்பந்தம். இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், ஆனால் டெல்லியில் மத்திய அரசின் மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவன் வழக்கு நினைவிருக்கட்டும். சிற்பி அமர்நாத் செகல் அங்கே 140 அடி நீள வெண்கலச் சுவர்ச் சிற்பம் செய்து வைத்தார். 1979-இல் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று அவரைக் கேட்காமலே கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். விற்ற பிறகும் படைப்பைச் சிதைக்காமல் காக்கும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவைப் பிடித்து வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர்நீதிமன்றம் மிஞ்சிய பாகங்களை அவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, ஐந்து லட்சம் இழப்பீடும் விதித்தது. வாழ்கிற அரசியல் தலைவர் யாரையும் வரையாதீர்கள். தேர்தல் அறிவித்ததும் பெரிய வாளியோடு வந்து முதலில் அதன் மேல்தான் வெள்ளையடிப்பார்கள், பக்கத்துப் படத்திலும் பாதி போகும். நன்கொடையாளர் பெயர் ஓரத்தில் ஒரு சதுர அடிக்குள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நான் ஒரு ஊரில் விட்டுக்கொடுத்து, கடைசியில் படத்தைவிட ஜவுளிக்கடை பெயர் பெரிதாக இருந்தது.

பணக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். 1,400 சதுர அடி, மூன்று லட்சம் என்றால் சதுர அடிக்கு இருநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். தலைமூடி, பூச்சு, பிரைமர் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம். அடிநிறம் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு ஐம்பது அறுபது சதுர அடி வரும், அதனால் இருபத்தைந்து முப்பது லிட்டர் போதும். ஓவியர்கள், சாரம், வண்ணம் என்று ஒன்றரை லட்சம். மிச்சம் ஐம்பதாயிரத்தைத் தொடாமல் வங்கியில் போடுங்கள். மூன்றாம் வருடம் ஒட்டுப்போட அது வேண்டும். படம் பழசாகி, யாருக்கும் பிடிக்காமல் போனால் அதன் மேல் புதிதாக வரையவும் தயங்க வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலிலேயே நாயக்கர் காலத்தவர் சோழர் படத்தின் மேல்தான் வரைந்தார்கள். அடியில் இருந்தது 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி என்ற ஆய்வாளர் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. உங்கள் சுவரில் அவ்வளவு பெரிய பொக்கிஷம் ஒன்றும் மாட்டாது.

நான் சொன்ன வாழைத்தார் படத்துக்கு இப்போது எட்டு வருடம். தார் வெளுத்துவிட்டது, பச்சை சாம்பலாகிவிட்டது. சும்மாடு மட்டும் காவியில் போட்டதால் அப்படியே இருக்கிறது. அந்தப் பெரியவர் இல்லை. அவர் மகன் அங்கே இளநீர் வண்டி போட்டிருக்கிறார், வெட்டிய மட்டையைச் சுவரோரம் குவிக்காமல் எதிர்ப்பக்கம் குவிக்கிறார். போன மாதம் போனபோது, 'எப்ப சார் புதுசு பண்ணுவீங்க?' என்று கேட்டார். மழை விடட்டும் என்றேன்.

உங்களுக்கும் அதுதான். இந்த மழைக்காலம் முழுக்கச் சுவரைச் சும்மா பாருங்கள். எங்கே பச்சை பிடிக்கிறது, எங்கே வெள்ளைப் பொடி பூக்கிறது என்று சாக்பீஸால் குறித்து, ஃபோட்டோ எடுத்து வையுங்கள். பொங்கல் கழிந்து தலைமூடி, பூச்சு. பூச்சு காயும்வரை டீக்கடை. பங்குனியில் நூல் அடிக்கலாம்.